வில்லின் வயிற்றில் கருங்காலி

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. வாய் இருந்தால் வம்பும் இருக்கும் அல்லவா? காடு முழுக்க வம்புதான். தேக்கு தன் உயரத்தைப் பேசும். நாவல் தன் பழத்தைப் பேசும். காற்றடிக்கிற நாளில் புங்கன் பேச ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிறுத்தாது. மரத்துக்கு மானமும் ரோஷமும் உண்டு என்று நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். மிச்சக் கதை அவர்களுக்குப் பிடிக்காது.

ஏழுகுடிமலையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மரத்திடம் கேட்காமல் யாரும் ஒரு குச்சியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். மரம் "எடுத்துக்கோ" என்றால் எடுப்பார்கள். "இப்ப வேண்டாம்" என்றால் பேசாமல் திரும்பிவிடுவார்கள். வெட்டிக்கொண்டு போன துண்டுக்கும் வேரோடு நிற்கிற மரத்துக்கும் அன்றைக்கு ஒரே உயிர். துண்டு பட்ட வலியை மரமும் படும், துண்டு கண்டதை மரமும் காணும். அதனால்தான் கேட்டு எடுத்தார்கள்.

மலையின் நடுச்சரிவில் ஒரு கருங்காலி மரம் நின்றது. அதனோடு மற்ற மரங்கள் பேசுவதில்லை.

காரணம் பழையது. ஒரு நாள் சமவெளியிலிருந்து ஒருவன் நொண்டிக்கொண்டே மலையேறி வந்தான். மடியில் ஒரு இரும்புத் துண்டை ஒளித்து வைத்திருந்தான். கருங்காலியின் அடியில் உட்கார்ந்து, "கால் சுளுக்கிக்கிச்சு தாயி. ஊன்றிக்க ஒரு கொம்பு குடுத்தா வீடு போய்ச் சேருவேன்" என்று அழுதான். கருங்காலிக்கு மனம் இளகிவிட்டது. நன்றாக வைரம் பாய்ந்த கொம்பாகப் பார்த்து ஒன்றைக் கொடுத்தது. அவன் மலை வளைவைத் தாண்டினானோ இல்லையோ, நொண்டல் நின்றுவிட்டது. மடியிலிருந்த இரும்பை எடுத்தான். கொம்பை அதன் துளையில் செருகினான். கோடாரி ஆகிவிட்டது. ஒரே கோடையில் கிழக்குச் சரிவை மொட்டையடித்துவிட்டுப் போனான். மூங்கில் கூட்டத்தில் மட்டும் நாற்பது தண்டுகள் சாய்ந்தன.

பிழைத்த மரங்கள் எல்லாம் கூடின. "கோடாரிக்காம்பு குலத்துக்குக் கேடு" என்று தீர்ப்பு சொல்லின. அதற்குப் பிறகு கருங்காலியின் மேல் ஒரு கொடிகூடப் படரவில்லை. நிழல் விழுந்தால்கூடப் பக்கத்து மரம் கிளையை ஒதுக்கிக்கொண்டது. கருங்காலி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. 'நான்தானே கொடுத்தேன்' என்று நினைத்துக்கொண்டு நின்றது. ஏமாற்றியவன் சுகமாகப் போய்விட்டான், ஏமாந்தது தலைகுனிந்து நின்றது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

மலைக்கு மேலே ஏழு வீடுகள். அதில் ஒரு வீட்டில் சடையன் இருந்தான். வில் செய்வது அவன் தொழில். அவன் பெண்சாதி கெம்பி. அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. அப்போதெல்லாம் வில் என்றால் கைக்குக் கிடைத்த கொம்பு ஒன்றை வளைத்து நாண் கட்டியதுதான். கிளி விரட்டவும் காடை அடிக்கவும் அது போதும். காட்டுப்பன்றிக்குப் போதாது. அந்த வில்லின் அம்பு தோளில் பட்டால், யாரோ முதுகு சொறிந்து விட்டதாகப் பன்றி நினைத்துக்கொள்ளும்.

போன வருடம் தினை முற்றிய நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. அதற்குத் தலைவன் ஒற்றைப்பல்லன். ஒரு பக்கத்துக் கோரைப்பல் சண்டையில் முறிந்துபோனது. மிஞ்சியிருந்த ஒன்று அரிவாள் நீளம். சடையன் அதன் முன்னால் போய்க் கைகூப்பினான்.

"பாதிய நீங்க தின்னுங்க சாமி. பாதிய எங்களுக்கு விட்டுடுங்க."

"பாதி எதுன்னு எங்களுக்குப் பாக்கத் தெரியாதப்பா" என்றது ஒற்றைப்பல்லன். "நாங்க தின்னு முடிச்சதும் மிச்சம் இருந்தா எடுத்துக்கோ."

மிச்சம் இருக்கவில்லை. ஏழு வீடும் அந்த வருடம் காட்டில் விளையும் கவலைக் கிழங்கைத் தோண்டித் தின்று உயிர் பிழைத்தது. கெம்பிக்குப் பால் வற்றிப்போனது. குழந்தை பக்கத்து வீட்டு ஆட்டின் பாலில் வளர்ந்தது. அப்படி இருந்தும் அவள் ஒரு சுரைக்குடுக்கை நிறைய விதைத்தினையைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பசி பொறுக்காமல் சடையன் ஒரு நாள் அதை அண்ணாந்து பார்த்தான்.

"அது சோறு இல்ல மாமா. அடுத்த வருசம்" என்றாள் கெம்பி.

அந்தக் குடுக்கையைத்தான் ஏழு வீட்டுக்காரர்களும் பங்கிட்டு இந்த வருடம் விதைத்திருந்தார்கள். அதற்கு மேல் மலையில் ஒரு பிடி விதை கிடையாது. இந்தத் தினையும் பன்றி வாய்க்குள் போனால் ஏழு வீடும் ஆளுக்கொரு திசையாகச் சமவெளிக்கு இறங்கி, யாரோ ஒருவன் வயலில் அடிமை வேலை செய்ய வேண்டியதுதான். "சடையா, பன்றி விழுற மாதிரி ஒரு வில்லு பண்ணு" என்று எல்லாரும் அவன் வாசலில் வந்து நின்றார்கள். தினை அப்போது முழங்கால் உயரம்.

சடையன் முதலில் மூங்கிலிடம் போனான். காடே கொண்டாடுகிற மரம் அது. பெருமைக்குக் கேட்க வேண்டுமா?

"ஏப்பா சடையா, உன் புள்ள தொட்டிலுக்கு நானு. உன் கூரைக்கு நானு. ஊதுற குழலுக்கும் நானு. வில்லுக்கு மட்டும் வேற எவ வரப்போறா? எடுத்துக்கோ" என்றது மூங்கில்.

தேய்பிறையில் வெட்டி, நிழலில் காயவைத்து, சடையன் வில் செய்தான். முதல் பத்து அம்பு பறந்த வேகத்தைப் பார்த்து ஊரே ஆடியது. பதினோராவது அம்பு கொஞ்சம் தாழ்ந்தது. இருபதாவது அம்பு காடை அடிக்கும் வில்லின் அம்பைப் போல் போய்த் தரையில் படுத்தது. நாணை அவிழ்த்துப் பார்த்தார்கள். வில் நிமிரவில்லை, வளைந்தது வளைந்தபடியே கூன் விழுந்து கிடந்தது.

"நல்லா இழுத்துட்ட நீ. அதான் களைச்சுட்டேன்" என்று மூங்கில் சமாளித்தது.

சடையன் தலையில் கைவைத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். கருங்காலியைத் தாண்டும்போது ஒரு குரல் கேட்டது. பல வருடம் பேசாத குரல் என்பதால் கரகரத்தது.

"தம்பி, நான் வரட்டுமா?"

சுற்றியிருந்த மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சலசலத்தன. "அது பேச்சைக் கேக்காதே! அது குடுத்த கொம்புதான் எங்களை வெட்டுச்சு!" என்று தேக்கு கத்தியது. சடையன் தயங்கினான். ஆனால் தினை இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கருங்காலிக் கட்டையைச் செதுக்குவதற்குள் இரண்டு கத்தி வாய் மழுங்கியது. ஆனால் செதுக்கி முடித்தபோது அந்த வில் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சடையனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் முன்னால் நாணைக் கன்னம்வரை இழுத்தான். படார் என்று ஒரு சத்தம். வில் இரண்டாக முறிந்து, ஒரு சிம்பு அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

காட்டில் ஒரே சிரிப்பு. "நாங்க சொன்னோமா இல்லையா? கருங்காலி காட்டிக்குடுத்துருச்சா இல்லையா?" என்று எல்லா மரமும் கூவின. வலியிலும் அவமானத்திலும் சடையன் மரத்தின் அடியில் போய் நின்று, "உன்னை நம்பினேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று கத்திவிட்டு வந்தான். வில் முறிந்த வலி கருங்காலிக்கும் இருந்தது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை கெம்பி அடுப்புப் பற்றவைக்க உட்கார்ந்தாள். விறகோடு விறகாக அந்த இரண்டு கெட்டுப்போன வில்லும் கிடந்தன. கூன் விழுந்த மூங்கில் வில்லை எடுத்து ஒடிக்கப் போனவள், கையில் ஏதோ தட்டுப்படவே நிறுத்தினாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முறிந்த கருங்காலித் துண்டை எடுத்துத் தடவினாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"மாமா, இங்க வாங்க. இந்த மூங்கிலத் தொட்டுப் பாருங்க. வெளிப்பக்கம் எப்படி இருக்கு?"

"வழுவழுன்னு இருக்கு" என்றான் சடையன் சலிப்போடு.

"உள்பக்கம்?"

அவன் தடவினான். நாணைப் பார்த்திருந்த உள்பக்கம் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக நசுங்கியிருந்தது.

"இப்ப இந்தக் கருங்காலியப் பாருங்க. உள்பக்கம் ஒரு கீறல் இல்ல. வெளிப்பக்கந்தான் பிளந்திருக்கு." கெம்பி இடுப்பில் ஒரு குடத்தை வைத்துக் காட்டினாள். "குடத்த இடுப்புல வெச்சா எனக்கு இந்தப் பக்கம் நசுங்குது, அந்தப் பக்கம் இழுக்குது. ரெண்டு வலியும் ஒண்ணு இல்ல. வில்லுக்கும் அப்படித்தான இருக்கும்? வெளிய இழுக்குது, உள்ள நசுக்குது. மூங்கில் இழுத்தா தாங்குது, நசுக்கினா தாங்கல. கருங்காலி நசுக்கினா தாங்குது, இழுத்தா தாங்கல. ரெண்டுல ஒண்ணுகூட உங்கள ஏமாத்தல மாமா. ஒருத்தி மேல ரெண்டு பேரு பாரத்தையும் வெச்சுட்டீங்க."

சடையன் கன்னத்துக் காயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மரத்தடியில் நின்று தான் கத்தியது ஞாபகம் வந்து அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றே இருவரும் கருங்காலியிடம் போனார்கள். "நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே அக்கா" என்றான் சடையன். விஷயத்தைச் சொன்னான்.

கருங்காலி உடனே ஒத்துக்கொண்டது. "என்னை உள்பக்கமே வை தம்பி. யார் கண்ணுலயும் படாம இருந்துக்கிறேன்."

"யார் கண்ணுலயும் படாதுன்னு ஏன் சொல்ற?" என்றாள் கெம்பி. "வில்லு பிடிக்கிறவன் கண்ணுக்கு நேரா நீதான இருப்ப."

மூங்கில் அவ்வளவு எளிதில் மசியவில்லை. "கருங்காலியோட நானா? என் கூட்டத்துல நாப்பது பேரு போனாங்க. அவங்க வேரு இன்னும் என் காலடியில கெடக்கு" என்றது. அதையும் குறை சொல்ல முடியாது, இழப்பு அதனுடையது. கெம்பி பதிலுக்கு வாதாடவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மூங்கில் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். குழந்தை பசியில் அழுதது. மார்பில் போட்டுப் பார்த்தாள், பால் இல்லை. சாயங்காலம் மூங்கிலே வாயைத் திறந்தது.

"சரி சரி, அழுகையக் கேக்க முடியல. வர்றேன். ஆனா மூணு பேச்சு. வெளிப்பக்கம் நான் இருப்பேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்புறம்..." கொஞ்சம் தயங்கியது. "அவ பளபளன்னு இருக்கா. பக்கத்துல நான் கணுக்கணுவா முண்டும் முடிச்சுமா நின்னா பாக்கறவங்க சிரிப்பாங்க. என் கணுவையெல்லாம் வழுவழுன்னு சீவி எடுத்துடு."

சடையனுக்குத் திக்கென்றது. மூங்கிலின் நார் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்கிற இடம் கணு. அந்த முடிச்சை அறுத்தால் என்ன ஆகும் என்று வில் செய்கிறவனுக்குத் தெரியாதா? அவன் கருங்காலி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாம் தம்பி" என்று அங்கிருந்து குரல் வந்தது. "கணுவத் தொடாதே. அதுல மூங்கிலோட உசிரு இருக்கு."

"உன்கிட்ட யாரும் யோசனை கேக்கல!" என்று மூங்கில் சீறியது. "சீவினா வர்றேன். இல்லன்னா வேற மரம் பாரு."

தினையில் பால் பிடித்துவிட்டது. இன்னொரு முறை மூங்கிலைக் கெஞ்ச நாள் இல்லை. சடையன் வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டான். தெரிந்தே செய்தான் என்பதுதான் வருத்தம். தொழில் தெரியாதவன் செய்கிற தப்பு ஒரு ரகம், தெரிந்தவன் பயத்தில் செய்கிற தப்பு இன்னொரு ரகம்.

ஏற்கெனவே காய்ந்திருந்த மூங்கிலில் ஒரு பத்தையைப் பிளந்தான். கருங்காலியில் ஒரு சட்டம் இழைத்தான். மான்தோலைக் கொதிக்க வைத்துப் பசை காய்ச்சினான். மூங்கிலின் பச்சைத்தோல் வெளியே வரும்படி இரண்டையும் ஒட்டி, மரல் செடியின் நாரால் அங்குலத்துக்கு அங்குலம் இறுக்கிக் கட்டி, பன்னிரண்டு நாள் நிழலில் போட்டான். நாரை அவிழ்த்த பிறகு கணுக்களைச் சீவினான். முதல் கணுவில் கத்தியை வைத்தவன் ஒரு முறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதைப் பார்த்த கெம்பி, "என்ன மாமா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல புள்ள" என்றான்.

அந்த வில்லைப் போல அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வெளியே பொன்னிறம், உள்ளே கறுப்பு. இழுத்துவிட்டால் அம்பு போன இடம் தெரியவில்லை. நாணை அவிழ்த்தால் வில் நேராக நிமிர்ந்து நின்றது. ஊர்க்காரர்கள் மூங்கிலைத்தான் புகழ்ந்தார்கள். மூங்கிலும் மறுப்பு சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் மேலோடு மேலாக ஒட்டிக் கிடந்தும் அது கருங்காலியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஒரு விடிகாலை, பனி இன்னும் கலையாத நேரம், பன்றிகள் வந்தன.

ஏழு வீட்டுக்காரர்களும் தினைக்கொல்லையைச் சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். கெம்பி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, தினைக்கு நடுவே நின்று, கிளி ஓட்டுகிற மூங்கில் தட்டையை அடித்தாள். சடையன் ஓரத்துப் பாறைமேல் வில்லோடு நின்றான். முதல் அம்பில் ஒரு பன்றி விழுந்தது. இரண்டாவது அம்பில் இன்னொன்று. பன்றிகளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. பாதிக் கூட்டம் தயங்கி நின்றது.

ஒற்றைப்பல்லன் தயங்கவில்லை. கூட்டம் கலைந்தால் தன் தலைமை போச்சு என்று அதற்குத் தெரியும். எங்கே தட்டைச் சத்தம் கேட்கிறதோ அங்கே அடித்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கெம்பியை நோக்கிப் பாய்ந்தது. தினைத்தாள் அதன் முன்னால் இரண்டாகப் பிளந்துகொண்டு போனது.

"கெம்பீ!" என்று கத்திக்கொண்டே சடையன் நாணை இழுத்தான். கன்னத்தைத் தாண்டிக் காதுவரை இழுத்தான். அவ்வளவு தூரம் அந்த வில்லை அவன் ஒருநாளும் இழுத்ததில்லை. ஒற்றைப்பல்லனின் தோள் தினைக்கு மேலே தெரிவதற்காகக் காத்திருந்தான்.

அந்த நேரத்தில் சீவிய கணு ஒன்றில் மூங்கிலின் நார் ஒன்று எழும்பியது. பிறகு இன்னொன்று. எழும்பின நாரைப் பிடித்து வைக்க அங்கே முடிச்சு இல்லை.

"அடியே கருங்காலி!" என்று மூங்கில் அலறியது. ஒட்டிய பிறகு அது கருங்காலியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "என் கணு பிரியுது. நான் போறேன். நீ பசைய உதறிட்டு நிமிந்துக்கோ, நீயாவது முழுசா இருப்ப!"

"நான் விட்டுட்டா அம்பு போகுமா?" என்று கேட்டது கருங்காலி.

"போகாது."

"அப்ப நான் விடல."

"ஏய், நான் போனா இழுவை பூரா உன் மேல விழும். உன்னால தாங்க முடியாது. நீயும் முறிஞ்சிடுவடி!"

"முறிவேன்னு தெரியும்" என்றது கருங்காலி. "அன்னிக்கு என்ன குடுக்கிறோம்னு தெரியாம குடுத்தேன். இன்னிக்குத் தெரிஞ்சு குடுக்கிறேன். பேசாம என்னைப் பிடிச்சுக்கோ."

மூங்கில் மிச்சமிருந்த ஒவ்வொரு நாராலும் அதைப் பிடித்துக்கொண்டது. தன்னால் தாங்க முடியாத வலி எதுவோ அதைக் கருங்காலி தாங்கியது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பன்றியின் தோள் தெரிந்தது. சடையன் விரலை விட்டான்.

அம்பு போன பிறகுதான் வில் முறிந்தது. முன்னால் இல்லை.

ஒற்றைப்பல்லன் கெம்பியின் காலுக்கு மூன்று முழம் முன்னால் வந்து விழுந்தது. தலைவன் விழுந்ததைப் பார்த்த கூட்டம் ஓட்டம் பிடித்தது. கெம்பி தட்டையைக் கீழே போட்டாள். கை தானாக முதுகுக்குப் போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்தது. அது நல்ல தூக்கத்தில் இருந்தது. அவள் அப்படியே தினைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். சடையன் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் அழுதான்.

"நான்தான் கணுவச் சீவினேன் புள்ள. தப்புன்னு தெரிஞ்சே சீவினேன்" என்றான்.

"சாயங்காலம் திட்டிக்கிறேன்" என்றாள் கெம்பி. "இப்ப கையக் குடுங்க."

ஊர்க்காரர்கள் முறிந்த வில்லை எடுத்துப் பார்த்தார்கள். மூங்கிலும் கருங்காலியும் ஒரே இடத்தில், ஒரே கோட்டில் முறிந்திருந்தன. ஒருவர், "கருங்காலித் துண்டு கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு. பிரிச்செடுத்தா கத்திப்பிடிக்கு ஆகும்" என்று கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினார். வரவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள். அப்போதும் வரவில்லை.

"பிரிக்காதீங்க" என்றாள் கெம்பி. "அதுங்களே பிரியமாட்டேன்னு சொல்லுதுங்க, நாம யாரு பிரிக்க?"

இரண்டு துண்டையும் துணியில் சுற்றி, சரிவில் மூங்கிலுக்கும் கருங்காலிக்கும் நடுவில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வேரோடு நின்ற இரண்டு மரமும் வலியில் இலை உதிர்த்து நின்றன. கொல்லையில் நடந்ததை அவையும் கண்டிருந்தன. மற்ற மரங்களுக்குத் தெரியாது. தேக்குதான் வழக்கம்போல முதலில் ஆரம்பித்தது.

"வில்லு முறிஞ்சிருச்சாமே! கருங்காலி மறுபடியும் காட்டிக்குடுத்துருச்சா?"

மூங்கிலுக்கு வந்ததே கோபம். "வாய மூடு!" என்று அது போட்ட சத்தத்தில் கிளியெல்லாம் பறந்தது. "முறிஞ்சது என்னால. கணுவச் சீவச் சொன்னது நான். வேண்டாம்னு சொன்னது அவ. நான் கைவிட்ட அப்புறமும் அவ பிடிச்சுக்கிட்டு நின்னா. அந்தப் பச்சப்புள்ள உசிரோட இருக்குன்னா அவளால இருக்கு." குரல் இறங்கியது. கருங்காலியின் பக்கம் திரும்பியது. "இத்தன வருசமா ஒதுக்கி வெச்சோமே, கொம்பு குடுத்தது எப்படின்னு ஒரு வார்த்தை ஏண்டி சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலயே அக்கா" என்றது கருங்காலி.

மூங்கில் தன் நீளமான தண்டு ஒன்றை மெதுவாக வளைத்துக் கருங்காலியின் தோள்மேல் சாய்த்துக்கொண்டது. மழைக்காலம் வந்ததும் ஒரு முல்லைக்கொடி எங்கிருந்தோ ஊர்ந்து வந்து, கருங்காலியின் அடிமரத்தில் முதல் சுற்றைச் சுற்றியது.

அந்த வருடம் ஏழு வீட்டிலும் தினை நிறைந்தது. கெம்பி முதல் வேலையாகச் சுரைக்குடுக்கையை நிரப்பிக் கூரையில் கட்டினாள். சடையன் மறுபடியும் இரண்டு மரத்திடமும் போய்க் கேட்டு, புதிய வில் ஒன்று செய்தான். இந்த முறை கணுக்களை விட்டுவிட்டான். முண்டும் முடிச்சுமாக இருந்த அந்த வெளிப்பக்கத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அன்று முதல்தான் அந்த மலையில் வில்லுக்கு இரண்டு மரம் என்று ஆயிற்று. வெளிப்பக்கமான முதுகுக்கு மூங்கில், நாணைப் பார்த்திருக்கும் வயிற்றுக்குக் கருங்காலி. மூங்கிலின் கணுவில் எவரும் கத்தி வைப்பதில்லை. முறிந்த வில்லை அடுப்பில் போடுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. ஒட்டியது ஒட்டியபடி மண்ணில் வைத்துவிடுகிறார்கள். காட்டிக்கொடுத்த ஆளைக் கருங்காலி என்று சமவெளிக்காரர் யாராவது திட்டினால், மலைக்காரர்கள் சண்டைக்குப் போவதில்லை. தோளில் கிடக்கிற வில்லைக் கழற்றி, திருப்பி, அதன் உள்பக்கத்தைக் காட்டுகிறார்கள்.